த்வேர் நகரத்துப் பாடகன்: மிகைல் குரூக்கின் ஊர்களில்

ஜூன் 22, செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்

சிறையையும் தெரு வாழ்க்கையையும் பாடும் ரஷ்ய 'ஷான்சன்' இசை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மிகைல் குரூக். அவர் த்வேர் நகரத்துக்காரர். ஆனாலும் பயணத்தைப் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்குவதுதான் சரி. குரூக் பாடிய பாட்டுக்கு அடித்தளம் போட்டது இந்த ஊர்.

உதேல்னயா மெட்ரோவில் இறங்கி ரயில் பாதையை ஒட்டி நடந்தால் பழம்பொருள் சந்தை. சனி, ஞாயிறு காலைகளில்தான் முழுச் சந்தை கூடும். கடைகளைத் தாண்டிப் பின்பக்கம் போனால் தரையில் துணி விரித்துப் பொருட்களைப் பரப்பியிருக்கும் வயதானவர்களைப் பார்க்கலாம். பாட்டு பதிந்த நாடாச் சுருளான டேப் ரீல் வேண்டுமென்றால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஒரு ரீல் 200 ரூபிளில் தொடங்குகிறது. ரூபிளும் நம் ரூபாயும் இப்போது ஏறக்குறைய ஒரே மதிப்பு என்பதால் மனக்கணக்கு எளிது. வெளிநாட்டு விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சிலிருந்து இந்த நாட்டில் வேலை செய்வதில்லை. முழுச் செலவுக்கும் ரொக்கம் கையில் இருக்க வேண்டும்.

ரீல் வாங்குவதற்கு முன் நாடாவின் நுனியை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். புளித்த காடி வாடை அடித்தால் அது அசிடேட் நாடா, உள்ளுக்குள் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். சோவியத் நாடாக்களில் 'வகை 6' அசிடேட், 'வகை 10' பாலியஸ்டர். அசிடேட்டை இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். அறுந்த இடம் நேராக இருப்பதால் ஒட்டுவது சுலபம். பாலியஸ்டர் அறுவதற்கு முன் நீளும். நீண்ட இடத்தில் பாட்டு நெளியும், அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

இந்த ரீல்களில்தான் பாடகர் அர்காதி செவெர்னி வாழ்ந்தார். 1939-இல் இவானவோவில் பிறந்தவர், 1980 ஏப்ரல் 12 அன்று லெனின்கிராதில் (பீட்டர்ஸ்பர்க்கின் அன்றைய பெயர்) இறந்தார். இசைத்தட்டு வெளியிட நாட்டில் இருந்த ஒரே நிறுவனம் அரசின் 'மெலோதியா'. திருடர் பாட்டு, தெருப் பாட்டு, ஒதெசா துறைமுக நகரத்துப் பாட்டு எதற்கும் அங்கே இடமில்லை. அதனால் நண்பர்களின் வீட்டிலோ, கடன் வாங்கிய அரங்கிலோ பதிவு நடக்கும். ருதோல்ஃப் ஃபுக்ஸ், செர்கேய் மக்லகோவ் போன்றவர்கள் ஏற்பாடு செய்வார்கள், 'ஜெம்சூஷ்னி சகோதரர்கள்' என்ற குழு பின்னணி வாசிக்கும். அந்தக் குழுவில் யாரும் யாருக்கும் சகோதரர் இல்லை. பதிவான மூல நாடா பிரதிக்குப் போகும், அந்தப் பிரதி இன்னொரு பிரதிக்குப் போகும். 525 மீட்டர் ரீல் நொடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஏறத்தாழ 45 நிமிடம் ஓடும். ஒரு கச்சேரியின் நீளத்தைப் பல சமயம் முடிவு செய்தது இந்தக் கணக்குதான்.

பிரதி எடுப்பதில் இரண்டு கோளாறுகள் வரும். ஒரு டேப் கருவியில் நாடாவைப் படிக்கும் தலை இன்னொன்றைவிட இம்மியளவு சாய்ந்திருந்தாலும் உச்ச ஒலி போய்விடும், பாடகர் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கும். மோட்டார் வேகம் சற்றே பிசகினால் குரலின் வயதே மாறிவிடும். செவெர்னி ஒரு ரீலில் இளைஞராகவும் இன்னொன்றில் கிழவராகவும் ஒலித்தால், இரண்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடிவிட்டதாக எண்ண வேண்டாம். முதலில் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும்.

சந்தையில் எக்ஸ்ரே இசைத்தட்டும் கிடைக்கும், விலை பல மடங்கு. 1940-களின் பிற்பகுதியில் இதே லெனின்கிராதில் ருஸ்லான் பகஸ்லோவ்ஸ்கியும் நண்பர்களும் 'தங்க நாய்' என்ற பெயரில் மருத்துவமனைகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே படலத்தை வட்டமாக வெட்டி, அதில் பாட்டைச் செதுக்கி விற்றார்கள். ஒரு பக்கம்தான், மூன்று நிமிடம் சொச்சம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விலா எலும்பின் மேல் ஒலித்தடங்கள் ஓடுவது தெரியும். இப்போது புதிதாகச் செய்து பழையது என்று விற்பவர்களும் உண்டு. நடு ஓட்டை மிகத் துல்லியமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்தில் சிகரெட்டால் சுட்டு ஓட்டை போட்டவையும் இருந்தன.

சந்தை வாசலில் சூடான பிரஷ்கி, உள்ளே பூரணம் வைத்துப் பொரித்த பண்டம். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு இரண்டும் சைவம். ஆனால் எந்த எண்ணெயில் பொரித்தது என்று கேட்டால் கடைக்காரம்மா முறைப்பார். முறைத்துவிட்டுப் பதிலும் சொல்வார். இங்கே முகத்தில் சிரிப்பில்லை என்பதை வைத்து மனசை எடைபோடக் கூடாது.

ஜூன் 24, த்வேர்

பீட்டர்ஸ்பர்க்குக்கும் மாஸ்கோவுக்கும் நடுவே ஓடும் இருப்புப்பாதையில் த்வேர் இருக்கிறது, மாஸ்கோவிலிருந்து 167 கி.மீ. மழை. ஜூன் கடைசியிலும் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கிறது, வோல்கா கரையில் கொசுவும் இருக்கிறது.

இறங்கியதும் சிக்கல் கைபேசி. 2025 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டவர் உள்ளூர் சிம் வாங்க முகம், குரல் பதிவு உட்பட நீண்ட நடைமுறை வைத்திருக்கிறார்கள். பொது வைஃபையில் நுழையக் குறுஞ்செய்தி வர வேண்டும், அதற்கு ஒரு கைபேசி எண் வேண்டும். போதாததற்கு மாகாண ஊர்களில் சில நாள் மொபைல் இணையம் அப்படியே நின்றுவிடுகிறது. வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வையுங்கள், முகவரிகளை ரஷ்ய எழுத்தில் தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாளைக் காட்டியபோது பேருந்தில் முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் எந்த நிறுத்தம் என்று தங்களுக்குள் வாக்குவாதம் செய்து, கடைசியில் ஒருவர் கூடவே இறங்கி வழிகாட்டிவிட்டுப் போனார்.

மதியம் ஒரு 'ஸ்தலோவயா'வில் சாப்பாடு. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும், விரும்பியதைக் கை காட்டினால் போதும். பீட்ரூட் சூப், கிரேச்கா எனும் பக்வீட், முட்டைக்கோஸ் சாலட், உலர்பழக் கம்போத் பானம், எல்லாம் சேர்ந்து 400 ரூபிளை ஒட்டி வந்தது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தால் பின்னாலிருந்து ஒரு குரல் நிச்சயம்.

மாலையில் ரதீஷெவ் புல்வார். 2007 நவம்பரில் திறந்த குரூக் சிலை இங்கே இருக்கிறது. வெண்கலத்தில், பெஞ்சில் உட்கார்ந்தபடி, கிட்டாரோடு. பீடம் கிடையாது. பக்கத்தில் போய் யாரும் உட்காரலாம், உட்காருகிறார்கள். மழைக்கு நடுவே ஒரு லாரி ஓட்டுநர் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பினார். இப்படித்தான் குரூக் இருக்க வேண்டும். அவரே ஓட்டுநர்தானே.

ஜூன் 25, புரொலெத்தார்கா

குரூக்கைச் சிறைப் பாடகர் என்று சொல்லிச் சொல்லி ஒரு பெரிய விஷயத்தை மறைத்துவிட்டார்கள். அவர் ஒருநாள்கூடச் சிறையில் இருந்ததில்லை. இயற்பெயர் மிகைல் விளாதிமிரவிச் வரபியோவ். 1962 ஏப்ரல் 7 அன்று பிறந்தார். ஊருக்கு அப்போது கலீனின் என்று பெயர், 1990-இல்தான் த்வேர் என்ற பழைய பெயர் திரும்பியது. அப்பா பொறியாளர், அம்மா கணக்காளர். வளர்ந்தது புரொலெத்தார்கா பகுதியில்.

பேருந்தில் 'த்வோர் புரொலெத்தார்கி' நிறுத்தத்தில் இறங்கினால் செங்கல் நகரம் ஒன்று எழுந்து நிற்கிறது. மரோசவ் குடும்பத்தின் பருத்தி ஆலை தன் தொழிலாளர்களுக்காக 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கட்டிய குடியிருப்புகள். ஒவ்வொரு மாடியிலும் நீண்ட நடைகூடம், இருபுறமும் ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவாகச் சமையலறை. ஒரு கட்டடத்துக்கு 'பாரிஸ்' என்றே பெயர். கோபுரமும் வளைவுமாக அழகாகத்தான் கட்டியிருக்கிறார்கள். இன்று மேல்மாடிச் சன்னல்களில் பல உடைந்து கிடக்கின்றன, சுவரில் செடி முளைத்திருக்கிறது. வேறு சில கட்டடங்களில் இன்னும் குடித்தனம் நடக்கிறது, கொடியில் துணி காய்கிறது. உள்ளே நுழைய வேண்டாம், அது மக்கள் வீடு. வெளியே நின்று பார்த்தாலே போதும். படம் எடுப்பதற்கு முன் பெஞ்சிலிருந்த பாட்டியிடம் கேட்டதற்கு, "வீட்டைப் படம் எடுத்துக்கோ, என்னை வேணாம்" என்றார். பிறகு அவராகவே குரூக் எந்தப் பக்கம் திரிந்தவர் என்று கைநீட்டிக் காட்டினார்.

இந்த நடைகூடங்களில் சுவருக்கு அப்பால் என்ன பேசினாலும் இப்பால் கேட்கும். சிறைக்குப் போய்த் திரும்பியவன், போகப் போகிறவன், காத்திருக்கும் மனைவி, கடிதம் எழுதும் அம்மா எல்லோரும் ஒரே அடுப்பைப் பகிர்ந்துகொண்டவர்கள். குரூக்கின் பாட்டில் வரும் மனிதர்களை அவர் இங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பது இடத்தைப் பார்த்ததும் புரிகிறது. சொற்களுக்கு அவர் புத்தகத்தையும் நாடினார். 1994-இல் வந்த 'ஷிகான்-லிமோன்' தொகுப்பின் குழூஉக்குறிகளில் பலவற்றை, 1924-இல் காவல்துறையின் உள்பயன்பாட்டுக்காக அச்சிட்ட ஓர் அகராதியிலிருந்து எடுத்தார். கேட்பவர்களோ இவர் பல வருஷம் உள்ளே இருந்தவர் என்றே நம்பினார்கள். கைத்தொழில் அவ்வளவு சுத்தம்.

பள்ளிக்குப் பிறகு மோட்டார் மெக்கானிக் படிப்பு, உக்ரைனின் சூமி பகுதியில் ராணுவச் சேவை, திரும்பி வந்து பத்தாண்டு பால் வண்டி ஓட்டினார். 1987-இல் ஊரில் நடந்த பாடகர்-கவிஞர் போட்டியில் ஆப்கானிஸ்தான் போரைப் பற்றிய பாட்டுக்கு முதல் பரிசு. மூத்த கலைஞர் எவ்கேனி கிளியாச்கின் அங்கே கேட்டுவிட்டு இதை விடாதே என்று ஊக்கப்படுத்தினார். 1989-இல் உள்ளூர் ஸ்டுடியோவில் முதல் தொகுப்பு. அதன் பெயர் 'த்வேர் வீதிகள்'. அடுத்து இன்னும் இரண்டு. மூன்றும் கள்ளப் பிரதியாக நாடு முழுக்கப் போயின, வருமானம் மட்டும் வரவில்லை. ஆனால் 'ஷிகான்-லிமோன்' அதிகாரபூர்வமாக வெளியானபோது கேட்பவர் கூட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதை உண்டாக்கியது அந்தக் கள்ளப் பிரதிகள்தான்.

கிட்டார் தெரிந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. இவ்வகைப் பாட்டின் எலும்புக்கூட்டை 'மூன்று திருட்டுக் கார்டுகள்' (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) என்பார்கள். ஏ மைனர், டி மைனர், ஈ செவன். முதல் தட்டில் தாழ்ந்த கம்பி, இரண்டாவதில் கார்டு முழுதும். இதை மட்டும் வைத்துக்கொண்டால் பாட்டு சலித்துவிடும். ஏ மைனரிலிருந்து டி மைனருக்குப் போகுமுன் ஏ செவனைத் தொட வேண்டும், அங்கிருந்து ஜி, சி வழியாக ஒருமுறை வெளிச்சத்துக்கு வந்து, பிறகு ஈ செவனில் ஏறி வீடு திரும்ப வேண்டும். அந்த ஒரு சி மேஜர் சுற்றில்தான் கேட்பவர் நெஞ்சு இளகும். தொடக்கக்காரர்கள் வேகமாக மீட்டிப் பாட்டைக் கெடுப்பார்கள். குரூக் அவசரமே படுவதில்லை. வரியின் கடைசிச் சொல்லை, பேச்சில் முடிப்பதுபோல் தாழ்த்தி முடிப்பார்.

ஜூன் 26, தர்ஷோக்

த்வேரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. பாட்டுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை, கட்லெட்டுக்காக வந்தது. பஜார்ஸ்கி கட்லெட் இங்கே பிறந்தது. 1826-லேயே புஷ்கின் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். கொத்திய கோழிக்கறியில் பாலில் ஊறிய ரொட்டியும் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளும் சேர்த்து, மேலே உலர்ந்த வெள்ளை ரொட்டியின் சின்னச் சதுரங்களை ஒட்டவைத்து, வெண்ணெயில் சிவக்க வறுத்து, அடுப்புக்குள் வைத்து முடிக்கிறார்கள். வெண்ணெய் குளிர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாணலியிலேயே ஒழுகி உள்ளே வறண்டுவிடும். நல்லதை முள்கரண்டியால் குத்தினால் சாறு தெறிக்கும், சட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக நுழைந்த கடையில் ரொட்டித்தூளில் புரட்டித் தந்தார்கள். அது வேறு பண்டம்.

ஜூன் 28, த்வேர்

ஜூன் கடைசிச் சனிக்கிழமை த்வேரின் நகர நாள். மையத்துக்குப் போகும் வழிகளை மறித்துவிட்டார்கள், டாக்சி தூரத்திலேயே இறக்கிவிட்டது. கரையோரம் நடந்தால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் அஃபனாசி நிகீதின் சிலை, கப்பல் முகப்பு வடிவப் பீடத்தில். 15-ஆம் நூற்றாண்டில் இதே த்வேரிலிருந்து கிளம்பி சௌல் துறைமுகத்தில் இறங்கி, ஜுன்னர், பீதர் வரை வந்த வணிகர். இந்தியாவிலிருந்து வருவதாகச் சொன்னால் த்வேர்காரர்கள் முதலில் இவர் பெயரைத்தான் எடுக்கிறார்கள்.

2002-இல் இந்த நகர நாள் ஜூன் 29 அன்று வந்தது. சொந்த ஊர் விழாவில் குரூக் பாடினார். அது அவருடைய கடைசி வாரம்.

அவரது பெயரை நாடு முழுக்கக் கொண்டுபோனது 1998-இன் 'மதாம்' தொகுப்பிலிருந்த, விளாதிமிர் நகரச் சிறையைப் பாடும் 'விளாதிமிர்ஸ்கி செந்த்ரால்'. த்வேரைச் சேர்ந்த, செவெர் என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு நிழலுலகப் பெரும்புள்ளிக்கு அர்ப்பணித்தது. இதை மழுப்ப வேண்டியதில்லை. அவர் குற்றவாளிகளோடு பழகினார், அவர்களுக்காகப் பாடினார், சிறைகளுக்குப் போயும் பாடினார். அதே மனிதர் தேசியவாத அரசியல்வாதி ஷிரினோவ்ஸ்கியின் கட்சியில் உறுப்பினராக இருந்தார், ஊரை விட்டு மாஸ்கோவுக்குக் குடிபோக மறுத்தார். மாஸ்கோ இரண்டு மணி நேரத் தொலைவு, தொழில் முழுதும் அங்கே. ஆனாலும் வீடு கட்டியது த்வேரின் ஓரத்திலிருக்கும் மமூலினோவில்.

ஜூலை 1, கல்லறை

2002 ஜூன் 30 நள்ளிரவை ஒட்டி மமூலினோ வீட்டுக்குள் இருவர் புகுந்தார்கள். மாமியாரை அடித்தார்கள். குரூக்கின் உடலில் இரண்டு குண்டுகள் பாய்ந்தன. சுயநினைவு வந்ததும் அவரே எழுந்து, மனைவி ஒளிந்திருந்த பக்கத்து வீட்டுக்குப் போனார். மறுநாள் காலை மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 40. மகன் அலெக்சாந்தர் அப்போது கைக்குழந்தை. பல ஆண்டு வழக்கு துலங்கவில்லை. 'த்வேர் ஓநாய்கள்' என்ற கும்பலைச் சேர்ந்தவர்கள் கொள்ளைக்காக வந்து செய்தது என்றும், சுட்டவன் எப்போதோ இறந்துவிட்டான் என்றும் 2019-இல் புலனாய்வாளர்கள் அறிவித்தார்கள். மனைவி இரீனா குரூக் பின்னாளில் தானே ஷான்சன் பாடகியானார்.

மமூலினோ வீட்டைத் தேடிப் போக வேண்டாம். போக வேண்டிய இடம் ஊருக்கு வெளியே தமீத்ரவோ-செர்காசி கல்லறைத் தோட்டம். டாக்சியில் போவது நல்லது. ஓட்டுநரைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைப்பது கடினம். நல்ல காலணி வேண்டும், மழை பெய்தால் பாதை சேறு.

பூக்கடையில் ஒரு பாடம் கிடைத்தது. ஐந்து கார்னேஷன் என்று விரலைக் காட்டியதும் கடைக்காரம்மா, "உயிரோடிருக்கிறவருக்கா, இறந்தவருக்கா?" என்று கேட்டார். கல்லறைக்கு என்றதும் ஒன்றை உருவித் தண்ணீர் வாளியில் திரும்பப் போட்டுவிட்டு நான்கைக் காகிதத்தில் சுற்றினார். இறந்தவர்களுக்கு இரட்டைப்படை, உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை. யாருக்கு என்று தெரிந்த பிறகு அவர் குரலில் இருந்த கடுகடுப்பு போய்விட்டது. காசு குறைக்கவில்லை, ஆனால் வாடாத நான்காகப் பார்த்து மாற்றிக் கொடுத்தார்.

நினைவு நாள் என்பதால் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டியவர்கள், வேறு மாகாணப் பதிவெண் கொண்ட கார்கள். கைபேசியில் பாட்டை மெதுவாக ஓடவிட்டு நிற்பவர்களும் உண்டு. சத்தமாக வைத்த ஒருவரைப் பக்கத்திலிருந்த பெண் தோளைத் தொட்டுக் குறைக்கச் சொன்னார். அவர் உடனே மன்னிப்புக் கேட்டுக் குறைத்தார். பக்கத்துக் கல்லறைகளின் வேலியைத் தாண்டாதீர்கள், கூட்டமாக இருந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும்.

ஜூலை 3, விளாதிமிர்

மாஸ்கோ வழியாக வந்தது. விளாதிமிர் போகும் ரயில்கள் எல்லாம் ஒரே நிலையத்திலிருந்து புறப்படுவதில்லை. கூர்ஸ்க் நிலையத்திலிருந்தும் உண்டு, 2021-இல் திறந்த வஸ்தோச்னியிலிருந்தும் உண்டு. ரயில் பெயரைவிட நிலையத்தின் பெயரைப் பெரிதாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே மெட்ரோவில் ஓடி வண்டியைப் பிடிக்க முடியாமல் நின்ற ஒரு குடும்பம் அடுத்த ரயிலுக்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தது.

ஊரில் 12-ஆம் நூற்றாண்டின் பொன் வாயில் இருக்கிறது, 1408-இல் அந்திரேய் ருப்லியோவ் தீட்டிய சுவரோவியங்கள் கொண்ட பேராலயம் இருக்கிறது. உள்ளே போகப் பெண்கள் தலையை மூட வேண்டும், வாசலில் துணி தருகிறார்கள். ஆனால் ரஷ்யாவில் எந்த டாக்சிக்காரரிடமும் விளாதிமிர் என்றால் அவர் முணுமுணுப்பது குரூக்கின் பாட்டை.

சிறை பல்ஷாயா நிஜெகரோத்ஸ்கயா தெருவில். 1783-இல் இரண்டாம் கேத்தரின் காலத்தில் நிறுவியது, இன்றும் நடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண மதில், கம்பிச்சுருள், அவ்வளவுதான். கேமராவைத் தூக்காதீர்கள், காவலர் உடனே வருவார். உள்ளே அருங்காட்சியகம் உண்டு. நினைத்த நேரத்தில் நுழைய முடியாது, கடவுச்சீட்டு விவரத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும்.

இங்கே இருந்தவர்களின் பட்டியல் தனி வரலாறு. ஸ்தாலினின் மகன் வசீலி வேறு பெயரில் அடைபட்டிருந்தார். 1960-இல் சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க உளவு விமானி கேரி பவர்ஸ் அறைத்தோழரோடு கம்பளம் நெய்தபடி நாளைக் கழித்து, 1962 பெப்ரவரியில் பரிமாற்றத்தில் விடுதலையானார். நாடே கொண்டாடிய நாட்டுப்புறப் பாடகி லிதியா ருஸ்லானவா 1953 வரை இங்கே கிடந்தார். போர்முனையில் வீரர்களுக்குப் பாடிய குரல் அது. இத்தனை பேர் உள்ளே இருந்தும் இந்தச் சிறையை எல்லோர் வாயிலும் போட்டது, ஒருநாளும் இதற்குள் கைதியாக இல்லாத ஒரு பால் வண்டிக்காரர்.

எதிர்ப்பக்கக் கடையில் குவாஸ் எனும் நொதித்த பானம் ஒரு கோப்பை, கம்பு ரொட்டியின் புளிப்போடு, நல்ல குளிர்ச்சி. கடையின் வானொலியில் ஷான்சன் நிலையம் ஓடிக்கொண்டிருந்தது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: 'விளாதிமிர்ஸ்கி செந்த்ரால்' உங்களைத் தேடி எப்படியும் வரும், அதை முதலில் கேட்க வேண்டாம். 'ஷிகான்-லிமோன்' முழுதும் ஒருமுறை கேளுங்கள், பிறகு 1996-இன் 'உயிருள்ள தந்தி' (இசைக்கருவியின் தந்தி). அதன்பின் பின்னோக்கிப் போய் 1989-இன் 'த்வேர் வீதிகள்'. பதிவு தரம் குறைவு, மின்னிசைக் கருவி மலிவு. வீதிப் பெயர்கள் காதில் விழும்போது வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள்.